குந்தீனோ முதல் ஜில்பாப் வரை: சோமாலியப் பெண்களின் ஆடை சொல்லும் வரலாறு

கி.பி. 1331-ஆம் ஆண்டு. மொரோக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா கிழக்கு ஆப்பிரிக்கக் கரையில் உள்ள மக்தீஷூ துறைமுகத்தில் இறங்குகிறார். ஊரின் காழி அவரை எதிர்கொண்டு ஆட்சியாளரான ஷைகின் மாளிகைக்கு அழைத்துச் செல்கிறார். முதலில் வெற்றிலையும் பாக்கும் வருகின்றன. பிறகு நெய்யில் சமைத்த சோறு. அதனுடன் எலுமிச்சை ஊறுகாய், மிளகு ஊறுகாய், பச்சை இஞ்சி, மாங்காய். ஜும்ஆ நாளில் அவருக்குப் புத்தாடைகள் அளிக்கப்படுகின்றன. அவற்றுள் இடுப்பில் கட்டிக்கொள்ளும் பட்டு ஃபூத்தா ஒன்றும் இருந்தது. இந்நகரின் பெயரால் வழங்கும் துணிக்கு நிகரில்லை என்றும், அது எகிப்துக்கும் பிற நாடுகளுக்கும் ஏற்றுமதியாகிறது என்றும் தம் பயண நூலில் அவர் பதிவு செய்திருக்கிறார். இதே பயணிதான் 1340-களில் மஅபர் எனப்பட்ட நம் தமிழ்க் கரைக்கும் வந்து, மதுரை சுல்தானின் அவையைக் கண்டவர்.

அந்த மக்தீஷூதான் இன்றைய சோமாலியாவின் தலைநகரான மொகதிஷு. இன்று சோமாலியப் பெண் என்றதும் தலை முதல் பாதம் வரை ஒரே நிறத்தில் இறங்கும் நீண்ட ஜில்பாப் அணிந்த உருவமே நம் மனத்தில் எழுகிறது. தொன்றுதொட்டு அவர்கள் அப்படித்தான் உடுத்தினார்கள் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். வேறு சிலரோ, 1970-களின் மொகதிஷு நிழற்படங்களைக் காட்டி, சுதந்திரமாக இருந்த பெண்களை மார்க்கம் பிற்காலத்தில் மூடிவிட்டது என்கின்றனர். இரண்டுமே பாதிக் கதைகள். முழுக்கதையைத் தெரிந்துகொள்வது நம் இல்லங்களில் எழும் சில கேள்விகளுக்கும் பயன்படும் என்பதால் இதை எழுதுகிறோம்.

தோளில் ஒரு முடிச்சு

சோமாலியப் பெண்களின் பழைய ஆடை குந்தீனோ. தைக்கப்படாத நீண்ட ஒற்றைத் துணியை மார்பின் குறுக்கே கொணர்ந்து, ஒரு தோளின் மேல் முடிச்சிட்டு, மீதியை இடுப்பைச் சுற்றிக் கட்டுவார்கள். முடிச்சு என்னும் பொருள் அந்தப் பெயரிலேயே இருக்கிறது. ஒருவரை ஊக்கி வேலையில் இறங்கச் சொல்லும்போது, இடுப்பு முடிச்சை இறுக்கிக் கட்டு என்பது சோமாலி வழக்கு. நாம் 'வரிந்துகட்டிக்கொண்டு' என்கிறோமே, அதே பொருள்தான்.

ஒட்டகங்களையும் ஆடுகளையும் ஓட்டிக்கொண்டு மேய்ச்சல் நிலம் தேடி நகரும் வாழ்க்கை அது. குடிசையைப் பிரிப்பதும், ஒட்டகத்தின் மேல் ஏற்றுவதும், புதிய இடத்தில் மீண்டும் எழுப்புவதும் பெண்களின் பொறுப்பு. அந்த உழைப்புக்கு ஏற்ற உடை குந்தீனோ. அதன் மேல் போர்த்திக்கொள்ளும் சால்வைக்குக் கர்பஸார் என்று பெயர்.

தலைமுடிக்கும் ஒரு முறை இருந்தது. மணமாகாத பெண்கள் முடியைச் சிறு சிறு பின்னல்களாகப் பின்னி விட்டிருப்பார்கள். மணமானதும் தலையில் ஷாஷ் என்னும் துணி ஏறிவிடும். 1854-55-இல் சோமாலிக் கரையிலும் ஹரர் நகரிலும் பயணம் செய்த ஆங்கிலேயர் ரிச்சர்ட் பர்ட்டன், மணமான பெண்கள் கூந்தலைக் கருநீலத் துணியில் கட்டியிருந்ததைக் குறித்துவைத்துள்ளார். திருமணத்துக்குப் பின் பெண்கள் கூடி மணமகளின் தலையில் ஷாஷ் அணிவிக்கும் சடங்கு இன்றும் உண்டு. ஒரு பெண் மணமானவளா இல்லையா என்பதைச் சமூகம் அவளுடைய தலையைப் பார்த்தே அறிந்துகொண்டது.

இந்த மக்கள் அப்போதும் முஸ்லிம்களே. இஸ்லாம் அந்தக் கரையை அதன் தொடக்க நூற்றாண்டுகளிலேயே அடைந்துவிட்டது. நம் கடற்கரை ஊர்களைப் போலவே அவர்களும் ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றுகிறவர்கள். பராவா நகரில் வாழ்ந்து 1919-இல் மறைந்த தாதா மஸீதி என்னும் மூதாட்டி, மார்க்கப் பாடல்களால் இன்றளவும் போற்றப்படுகிறார். குந்தீனோ காலம் அறியாமைக் காலம் என்று சொல்லிவிட முடியாது.

தறியும் கப்பலும்

பெனாதிர் எனப்படும் அந்தக் கரையில் நெசவு பெருந்தொழிலாக இருந்தது. பெண்கள் பருத்தியைச் சுத்தம் செய்து நூல் நூற்பார்கள். ஆண்கள் தறியில் நெய்வார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்க ஆலைகளின் வெளுக்காத பருத்தித் துணி ஸன்ஸிபார் வழியாக அந்தக் கரையெங்கும் பரவியது. அமெரிக்கத் துணி என்ற பொருளில் மக்கள் அதை மெரிக்கானி என்றே அழைத்தனர். 1861-இல் தொடங்கிய அமெரிக்க உள்நாட்டுப் போர் அந்த வரத்தைக் குறைத்தது. பிற்பாடு பம்பாய் ஆலைகளின் துணிகளும் வந்து சேர்ந்தன. விலை மலிந்த அந்நியத் துணிகளோடு போட்டியிட்டு வண்ணக் கோடுகள் கொண்ட பெனாதிர் துணி பிழைத்து நின்றது. ஆயினும் பழைய செழிப்பு திரும்பவில்லை.

ஆகவே 'பாரம்பரிய உடை' என்று நாம் சொல்வதற்குள்ளும் கடல் வாணிபம் இருக்கிறது. பாட்டி தோளில் முடிந்த துணி உள்ளூர்த் தறியில் நெய்ததாகவும் இருக்கலாம், கடல் கடந்து கப்பலில் வந்ததாகவும் இருக்கலாம்.

மணவீட்டின் திரஅ

இருபதாம் நூற்றாண்டில் நகரங்களில் வேறோர் உடை முதன்மை பெற்றது. அதன் பெயர் திரஅ. பெண்களின் சட்டையைக் குறிக்கும் அரபுச் சொல்லோடு தொடர்புடைய பெயர் இது. மெல்லிய வாயில் துணியில் அகலமாகத் தைக்கப்பட்டுக் கணுக்கால் வரை இறங்கும் அங்கி. உள்ளே பளபளக்கும் பாவாடை. தோளில் அதே நிறத்துக்கு இயைந்த கர்பஸார். மணவீடுகளிலும், பேறுகாலம் முடிந்த நாற்பதாம் நாள் விருந்திலும், பெருநாட்களிலும் பெண்கள் திரஅ அணிந்து கூடுவார்கள். தப்காத் என்னும் தூபக்காலில் ஊன்ஸி என்ற நறுமணக் கலவையைக் கனலில் இட்டு, அதன் புகையை ஆடைக்கும் கூந்தலுக்கும் ஏற்றுவார்கள். பெண்களுக்கே உரிய கவிதை வடிவமான புரான்பூர் அந்த அவைகளில்தான் ஒலிக்கும்.

திரஅ மெல்லியது, உடல் தெரியும் என்று மார்க்க அறிஞர்கள் கண்டித்ததும் உண்டு. கண்டனம் நியாயமானதே. பெண்கள் பலர் அதற்குத் தாமே விடை கண்டனர். பெண்கள் மட்டும் இருக்கும் அவையில் திரஅ அணிந்து, வீதியில் இறங்கும்போது அதன்மேல் கனமான போர்வையை இட்டுக்கொண்டனர். எந்த உடை எந்த இடத்துக்கு உரியது என்ற நுட்பம் அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

பெண்ணின் பெயரால் அரசு

1960-இல் சோமாலியா விடுதலை பெற்றது. 1969 அக்டோபரில் இராணுவத் தளபதி ஸியாத் பர்ரே ஆட்சியைக் கைப்பற்றி, விஞ்ஞான சோசலிசமே நாட்டின் பாதை என்றார். பெண்கள் கல்விக்கும் அலுவலகங்களுக்கும் பெருமளவில் வந்தார்கள். மேலை உடைகளும், முக்காடில்லாத தலையும் தலைநகரில் இயல்பாயின. இன்று பரவலாகப் பகிரப்படும் நிழற்படங்கள் அந்தக் காலத்தவை.

அந்தப் படங்களில் காணக் கிடைக்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். 1975-இல் வாரிசுரிமையில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சமபங்கு என்று குடும்பச் சட்டம் அறிவிக்கப்பட்டது. குர்ஆன் வகுத்த பங்கீட்டுக்கு அது முரணானது என்று பள்ளிவாசல்களில் எதிர்த்துப் பேசிய உலமாக்களில் பத்துப் பேர் அதே ஆண்டு ஜனவரியில் சுட்டுக் கொல்லப்பட்டனர். பெண்ணுக்கு உரிமை தருகிறோம் என்ற அரசு, அதன்மீது ஒரு மாற்றுக் கருத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளவில்லை. அதன்பின் அடக்குமுறையின் கீழ் மார்க்க மறுமலர்ச்சி வேர்விட்டது. வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போனவர்களும் அங்கே பயின்றவர்களும் புதிய நூல்களோடும் புதிய உடையோடும் திரும்பினர். ஜில்பாப் சோமாலிய வீதிகளில் தென்படத் தொடங்கியது அக்காலத்தில்தான். இளம்பெண்கள் சிலருக்கு அது இறைவணக்கமாக இருந்தது. அரசுக்கு உடன்படவில்லை என்பதன் மௌன அறிவிப்பாகவும் இருந்தது. குந்தீனோ உடுத்திய தாய்மார்கள், தங்கள் மகள்கள் அரபு நாட்டவரைப் போல ஆகிவிட்டார்களே என்று வியந்தார்கள். மகள்கள் தாய்மாரின் திறந்த தோளைக் கண்டு வருந்தினார்கள்.

போர் நெய்த போர்வை

1991 ஜனவரியில் அரசு வீழ்ந்தது. உள்நாட்டுப் போரும் பஞ்சமும் இலட்சக்கணக்கானோரை அகதிகளாக்கின. கென்யாவின் ததாப் முகாம்களில், விறகு பொறுக்கச் சென்ற பெண்கள் கொள்ளைக் கும்பல்களின் பாலியல் வன்முறைக்கு ஆளான கொடுமையை மனித உரிமை அமைப்புகள் அப்போதே பதிவு செய்துள்ளன. அந்தச் சூழலில் ஜில்பாப் விரைந்து பரவியது. படைத்தவன் ஒருவனிடமே இனி அடைக்கலம் என்ற உணர்வு ஒரு காரணம். துப்பாக்கி ஏந்தியவர்களின் கண்ணில் படாமல் நடக்க வேண்டிய அவசியம் மற்றொரு காரணம். அடியில் கிழிந்த உடையே இருந்தாலும் மேலே ஒரு ஜில்பாப் இருந்தால் மானத்தோடு வெளியே வரலாம் என்பதும் ஏழைப் பெண்ணுக்கு ஒரு காரணமே.

பின்னர், விரும்பி அணிந்ததையே வற்புறுத்தி அணியச் செய்யும் காலமும் வந்தது. அல்ஷபாப் அமைப்பு தன் கட்டுப்பாட்டிலிருந்த ஊர்களில் பெண்களின் உடையின் கனத்தையும் நிறத்தையும் தானே வகுத்து, மீறியவர்களைத் தண்டித்தது. இங்கே ஒன்றை நாம் நினைவில் கொள்ள வேண்டும். அந்நூர் அத்தியாயத்தில் பெண்களின் முக்காட்டைப் பற்றிய வசனம் 31-ஆவது. அதற்கு முந்திய 30-ஆவது வசனம் ஆண்களிடம்தான் பேசுகிறது. பார்வையைத் தாழ்த்தும்படியும் கற்பைக் காக்கும்படியும் முதலில் அவர்களுக்கே கட்டளையிடுகிறது. வீதியில் நின்று பெண்களை அளந்து பார்த்துச் சாட்டையை ஓங்கியவர்கள் தங்களுக்கு வந்த கட்டளையைத் தாண்டிப் போய்விட்டார்கள்.

கடல் கடந்த மகள்கள்

அகதிகளாகப் புறப்பட்டவர்களின் பிள்ளைகள் இன்று அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வளர்ந்துவிட்டார்கள். அவர்களை எதிர்கொள்வது வேறு வகைச் சட்டங்கள். பிரான்ஸ் 2004-இல் அரசுப் பள்ளிகளில் முக்காட்டைத் தடை செய்தது. அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் 1837 முதல் தலையில் எதுவும் அணியக் கூடாது என்ற விதி இருந்தது. மொகதிஷுவில் பிறந்து அகதி முகாமில் வளர்ந்த இல்ஹான் உமர் உறுப்பினராகி முக்காட்டோடு நுழைந்த 2019 ஜனவரியில் அவ்விதி மாற்றப்பட்டது.

கென்யாவின் ககூமா அகதி முகாமில் பிறந்த ஹலீமா ஏடனின் கதை இன்னும் நெருங்கிப் பார்க்கத் தக்கது. 2016-இல் மின்னசோட்டா மாநில அழகிப் போட்டியில் ஹிஜாபோடு பங்கேற்றார். பின்னர் உலகின் முன்னணி இதழ்களின் அட்டைகளில் இடம்பெற்றார். சமூகம் பெருமைப்பட்டது. ஆனால் படப்பிடிப்புகளில் அவருடைய ஹிஜாப் சிறிது சிறிதாக உருமாறியது. ஒரு படத்தில் முக்காட்டுக்குப் பதிலாகத் தலையில் ஜீன்ஸ் துணி சுற்றப்பட்டிருந்தது. தொழுகைகளும் தவறின. 2020 நவம்பரில், தம் மார்க்கத்துக்கு ஒவ்வாத சமரசங்களைச் செய்துவிட்டதாக வெளிப்படையாக வருந்தி அத்தொழிலிலிருந்து விலகினார். நெடுநாளாகத் தம் தாய் விடுத்துவந்த வேண்டுகோளையும் அப்போது நினைவுகூர்ந்தார்.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

நெசவாளர், வணிகர், அரசு, ஆயுதக் குழு, விளம்பர நிறுவனம் என்று ஒவ்வொரு காலத்திலும் ஒரு கை அந்தப் பெண்ணின் ஆடையைப் பற்றி இழுத்திருக்கிறது. இத்தனைக்கும் நடுவே தொழுகையையும் நோன்பையும் பிள்ளைகளின் ஓதலையும் அவள் கைவிடவில்லை.

மார்க்கம் ஆடைக்கு வகுத்திருப்பவை நிபந்தனைகள்: மறைக்க வேண்டியதை மறைக்க வேண்டும்; உடல் தெரியுமளவு மெல்லியதாகவோ உடலை ஒட்டியதாகவோ இருக்கக் கூடாது. நிறத்தையும் தையலையும் அந்தந்த மண்ணின் வழக்காற்றுக்கு விட்டிருக்கிறது. அல்அஃராஃப் அத்தியாயத்தின் 26-ஆவது வசனம் ஆடையை அருட்கொடையாகச் சொல்லிவிட்டு, தக்வா என்னும் ஆடையே மேலானது என்று நினைவூட்டுகிறது.

நம் கடற்கரை ஊர்களிலும் வளைகுடாப் பயணங்கள் இதே மாற்றத்தைக் கொணர்ந்தன. சேலைக்கு மேல் வெள்ளைத் துப்பட்டி போர்த்தி நடந்த நம் பாட்டிமார்களின் இடத்தில் இன்று கறுப்பு ஹபாயா அணிந்த பேத்திகள் நடக்கிறார்கள். பாட்டிக்கு மார்க்கம் தெரியாது என்று பேத்தி சொல்ல வேண்டியதில்லை. பேத்தி அந்நியமாகிவிட்டாள் என்று பாட்டி வருந்தவும் வேண்டியதில்லை. பெட்டியின் அடியில் அந்தத் துப்பட்டி இன்னும் இருக்குமானால், அதை எடுத்து, யார் நெய்தது, எந்த நாளில் முதன்முதலாகப் போர்த்தினீர்கள் என்று பாட்டியிடம் கேட்டுப் பார்ப்போம். சோமாலியத் தாய்மாருக்கும் மகள்களுக்கும் போர் தர மறுத்த அவகாசம் அது. நமக்கு அல்லாஹ் அதைத் தந்திருக்கிறான், அல்ஹம்துலில்லாஹ்.