கொதிநீர் ஊருக்கு ஊர் மாறும், உருகும் பனிக்கட்டி மாறாது

புனே கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 560 மீட்டர் உயரத்தில் உள்ள நகரம். அங்கே தூய நீர் ஏறக்குறைய 98 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். 1742இல் நீரின் கொதிநிலையையும் உறைநிலையையும் கொண்டு தம் அளவுகோலை வகுத்த செல்சியஸ், கொதிநிலை காற்றழுத்தத்தைப் பொறுத்தது என்பதையும் அறிந்திருந்தார். பனிக்கட்டி உருகும் வெப்பநிலையோ புனேயிலும் சென்னையிலும் ஏறக்குறைய ஒன்றே. உருகும் பனிக்கட்டி பெறும் வெப்பம் முழுவதும் நிலைமாற்றத்துக்கே செலவாவதால், அது உருகி முடியும்வரை வெப்பநிலை உயர்வதில்லை. ஆனால் உப்போ வேறு மாசோ கலந்தால் அந்நிலை தாழ்ந்துவிடும். எனவே வெப்பமானியைச் சரிபார்க்கக் காய்ச்சி வடித்த நீரில் செய்த பனிக்கட்டியே தேவை.

1875இல் தோன்றிய இந்திய வானிலை ஆய்வுத் துறையின் தலைமையகம் 1928இல் சிம்லாவிலிருந்து புனேக்கு மாறியது. அக்கட்டடம் இன்றும் அவ்வூரில் ‘சிம்லா ஆபீஸ்’ என்றே வழங்குகிறது. சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற அன்னா மாணி, லண்டனில் வானிலைக் கருவிகளைப் பற்றிக் கற்றுத் திரும்பி, 1948இல் புனே கருவிப் பிரிவில் சேர்ந்தார். அதுவரை பெரிதும் இறக்குமதியையே நம்பியிருந்த துறைக்காக, ஏறத்தாழ நூறு கருவிகளின் வரைபடங்கள் அவர் பொறுப்பில் தரப்படுத்தப்பட்டன. பிழையான அளவீட்டைவிட அளவீடே இல்லாமை மேல் என்பது அவர் கொள்கை.

அக்கொள்கையின் பொருளைக் கண்ணாடி வெப்பமானியே விளக்கும். ஆண்டுகள் செல்லச்செல்ல அதன் குமிழ் நுண்ணிதாகச் சுருங்குகிறது. அதனால் காட்டப்படும் அளவு மெல்ல உயர்கிறது. ஜூல் தம் வெப்பமானி ஒன்றில் இவ்வுயர்வை 1844 முதல் 1882 வரை தொடர்ந்து குறித்துவந்தார். சரிபார்க்கப்படாத நிலையத்தின் பதிவேட்டில், கண்ணாடியின் முதுமை ஊரின் வெப்ப உயர்வாகத் தோன்றக்கூடும். அவ்விரண்டையும் பிரித்தறிய எளிய வழி, வெப்பமானியை மீண்டும் பனிக்கட்டிக் கலவையில் வைத்துப் பார்ப்பதே.

இன்று அப்பணியைத் துல்லியமாகச் செய்ய, 1990ஆம் ஆண்டின் பன்னாட்டு வெப்பநிலை அளவுகோல் பல தூய பொருள்களின் நிலைமாற்றங்களைத் தந்துள்ளது: நீரின் மும்மைப் புள்ளி 0.01, காலியம் உருகுநிலை 29.7646, வெள்ளீயம் உறைநிலை 231.928, துத்தநாகம் உறைநிலை 419.527 டிகிரி செல்சியஸ். இந்தியாவின் தேசியத் தரங்களைப் புதுதில்லியின் தேசிய இயற்பியல் ஆய்வகம் பேணுகிறது. 2019இல் கெல்வினின் வரையறை நீரைவிட்டுப் போல்ட்ஸ்மேன் மாறிலிக்கு மாறியது. எனினும் ஆய்வகங்களில் வெப்பமானிகள் இன்றும் உருகும், உறையும் தூய பொருள்களிடமே சரிபார்க்கப்படுகின்றன. நூறாண்டுப் பதிவேட்டின் நம்பகத்தன்மை அந்தச் சரிபார்ப்பைச் சார்ந்தே நிற்கிறது.