எமலிங்கம் டீக்கடையும் ஆர்.எஃப்.சி 3561-ம்

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன் மக்கா. 2012 கார்த்திகை தீபத்தன்னிக்கு, கிரிவலத்துல அத்தையத் தொலைச்சுட்டோம். எமலிங்கத்துக்கிட்ட நிக்கிறோம். மொபைல்ல சிக்னல் ஃபுல்லா இருக்கு, கால் மட்டும் போகல. லட்சக்கணக்கான போன் ஒரே நேரத்துல டவரை இழுத்தா எப்படிப் போகும்? பக்கத்துப் பக்கத்துல இருக்கற போனெல்லாம் தங்களுக்குள்ள பேசிக்கிட்டா டவரே வேணாமேன்னு தோணுச்சு. அப்புறம் தேடிப் பார்த்தா, நமக்கு ரொம்ப முன்னாடியே யோசிச்சு வெச்சிருக்காங்க :-)

1971-ல் ஹவாய் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ராம்சன் குழு அலோஹாநெட்டை ஓட்டியது. ரேடியோதான், ஆனால் எல்லாரும் நடுவிலிருந்த ஒரே நிலையத்தோடுதான் பேசணும். நம்ம டவர் கதை. போர்க்களத்துல அப்படி ஒண்ணை நட்டு வெச்சா முதல் குண்டு அதுமேலதான் விழும். அதனால அமெரிக்க ராணுவத்தின் டார்ப்பா, 1970-களில் 'பாக்கெட் ரேடியோ'வில் இறங்கியது. சான்பிரான்சிஸ்கோ பக்கத்து மலை உச்சிகளில் ரிப்பீட்டர்கள், ஓடுற வேனுக்குள்ள ஒரு ரேடியோ, சேதி கைமாறிக் கைமாறிப் போகும். (நம்ம 2668 அடி உச்சியில தீபம் தெரிஞ்சதும் வீட்ல விளக்கேத்துறோமே, அதுவும் சேதிதான். ஆனா அதுக்குப் பதில் மேல போறதில்ல.)

பதில்தான் சிக்கலே. எல்லாரும் நகர்ந்துக்கிட்டே இருந்தா வழி யாருக்குத் தெரியும்? இதுக்குன்னே 1997-ல் ஐ.இ.டி.எஃப் ஒரு குழு போட்டது. 2003 ஜூலையில் பெர்க்கின்ஸ், பெல்டிங்-ராயர், தாஸ் மூவரும் எழுதிய ஏ.ஓ.டி.வி முறை, ஆர்.எஃப்.சி 3561 என்ற ஆவணமா வந்தது. "இன்னாரைத் தெரியுமா?"ன்னு பக்கத்துல கேக்கணும். தெரியாதவர், யார் கேட்டாங்கன்னு குறிச்சுக்கிட்டு அடுத்தவரைக் கேப்பார். அதே கேள்வி மறுபடி வந்தா கண்டுக்க மாட்டார். ஆள் கிடைச்சதும் பதில் வந்த வழியே திரும்பும். முழு வழி யாருக்கும் தெரியாது, அடுத்த ஆள் தெரிஞ்சா போதும். 2004-ல் சென்னை ஐஐடி சிவராம் மூர்த்தியும் மனோஜும் இதைப்பத்தி தலகாணி சைஸ்ல புத்தகமே போட்டாங்க. ஆனா ஊரான் சேதியைச் சுமக்க என் பேட்டரிய ஏன் தீக்கணும்கறதுக்குத்தான் யாரும் திருப்தியா பதில் சொல்லல.

அத்தை? எமலிங்கம் டீக்கடைக்காரர்கிட்ட பச்சைப் புடவை, கையில செம்புன்னு சொன்னோம். அவர் இளநீர்க் கடைக்குக் குரல் குடுத்தார். நான் மறுபடி போய்க் கேட்டதுக்கு, "அதான் சொல்லியாச்சுல்ல தம்பி, சும்மா இரு"ன்னாரு. அரைமணி கழிச்சு நிருதி லிங்கத்துலேர்ந்து கடை கடையா பதில் வந்துச்சு: "அந்தம்மா மோர் குடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கு. நீங்க வர்ற வரைக்கும் நகர மாட்டாங்களாம்!"