ஔவைக்கு முகந்தந்த அம்மையார்

ஔவை என்றதும் நம்மில் பலர்க்கு நினைவில் எழும் உருவம், 1953இல் வெளிவந்த ‘ஔவையார்’ திரைப்படத்திற் கே. பி. சுந்தராம்பாள் தந்த உருவமேயாகும்.

1908இல் கொடுமுடியில் வறிய குடும்பத்திற் பிறந்த அவர், சிறுமியாகவே நாடகக் குழுவிற் சேர்ந்தார். மேடையேறும் பெண்ணைச் சமூகம் தாழ்வாக நோக்கிய காலம் அது. இலங்கை மேடைகளில் எஸ். ஜி. கிட்டப்பாவுடன் நடித்துப் பெரும்புகழ் எய்தினார். 1927இல் அவரையே மணந்தார். கிட்டப்பா முன்னரே மணமானவர். கசப்பும் பிரிவும் கண்ட அவ்வாழ்வு, 1933இல் அவர் மறைவோடு முடிந்தது.

இருபத்தைந்து அகவையில் வெள்ளாடை பூண்ட அம்மையார், இறுதிவரை அதனைக் களைந்திலர். ஆடவர்க்கு இணையாக நடிப்பதில்லை என்றும் உறுதிபூண்டார். எனவேதான் ‘நந்தனார்’ (1935) படத்தில் ஆண்வேடமே ஏற்றார். அதற்கு அவர் பெற்ற ஊதியம் இலட்சம் ரூபாய்! ‘பூம்புகார்’ (1964) படத்திற் கவுந்தியடிகளாகவும் விளங்கினார்.

சென்னைச் சட்ட மேலவை உறுப்பினரானார், 1970இற் பத்மஸ்ரீ விருது பெற்றார், 1980இல் மறைந்தார்.

அத்துறவு அவர் விரும்பி ஏற்றதா, காலம் சுமத்தியதா? எதுவாயினும், அவர்க்கு எஞ்சிய வேடங்கள் சிலவே. அச்சிலவற்றைக் கொண்டே அவர் உயர்ந்தார். சிங்கையில் ஆத்திசூடி கற்பிக்கும் நாம், அம்முகத்தின் பின்னிருந்த வாழ்வையும் மாணாக்கர்க்கு உரைத்தல் வேண்டும்.