தாட்சண்யத்தில் ஓடிய லீக்

இங்கிலாந்தில் கால்பந்து லீக் பிறந்தது சம்பளக் கவலையில். 1885 முதல் ஆட்டக்காரர்களுக்குக் கூலி கொடுக்கலாம் என்றாகிவிட்டது. கூலியோ வாராவாரம் போகும், ஆட்டத்துக்கோ நிச்சயமில்லை. கோப்பைப் போட்டியில் தோற்றால் வெளியே. நட்பு ஆட்டத்துக்குச் சரி சொன்ன அணி கடைசி நேரத்தில் வராமலும் போகும். பர்மிங்ஹாமில் துணிக்கடை வைத்திருந்த ஸ்காட்லாந்துக்காரர் வில்லியம் மெக்ரெகர், ஆஸ்டன் வில்லா கிளப்பின் நிர்வாகி. அட்டவணை போட்டு ஊர் மாறி ஊர் ஆடலாமே என்று 1888 மார்ச்சில் சில கிளப்புகளுக்குக் கடிதம் எழுதினார். ஏப்ரலில் மான்செஸ்டரில் கூடிப் பேசி, 12 கிளப்புகளோடு லீக்கைத் தொடங்கிவிட்டார்கள். அவற்றில் ஒன்றுகூட லண்டன் கிளப் இல்லை.

முதல் பட்டம் பிரஸ்டனுக்கு. 22 ஆட்டங்களில் ஒரு தோல்வி கிடையாது. ஆனால் இந்தக் கதையின் சுவாரசியம் பட்டியலின் அடியில் இருக்கிறது. கடைசி நான்கு இடத்துக்காரர்கள் ‘மறுபடியும் சேர்த்துக்கொள்ளுங்கள்’ என்று விண்ணப்பிக்க வேண்டும். மற்றவர்கள் ஓட்டுப் போட்டு முடிவு செய்வார்கள்.

1892-ல் இரண்டாம் டிவிஷன் வந்தது. மேலே ஏறவும் கீழே இறங்கவும் தனியாகச் சோதனை ஆட்டங்கள். 1898-ல் ஸ்டோக்கும் பர்ன்லியும் மோதின. டிரா ஆனால் இருவருக்கும் முதல் டிவிஷன் உறுதி! முடிவு 0-0, கோலை நோக்கிப் பந்தை உதைக்கவே யாருக்கும் மனம் வரவில்லை போலும். அந்த ஆண்டோடு சோதனை ஆட்டங்களுக்கு முழுக்குப் போட்டார்கள். பிறகு 1920-ல் மூன்றாம் டிவிஷன், 1958-ல் நான்காவது.

உள்ளே இருந்தவர்கள் புள்ளி பார்த்து ஏறி இறங்கினார்கள். லீக்கின் வாசலில் மட்டும் ஓட்டு தொடர்ந்தது.

ஓட்டு என்றால் தாட்சண்யம். ஹார்ட்டில்பூல் 14 முறை விண்ணப்பித்தது. 14 முறையும் பிழைத்தது. 1960-ல் அந்த அணிதான் கடைசி. ஆனால் வெளியேற்றப்பட்டது அதற்கு இரண்டு படி மேலே இருந்த கேட்ஸ்ஹெட். அந்த இடத்தில் நுழைந்த பீட்டர்பரோ, முதல் சீசனிலேயே 134 கோல் அடித்து நான்காம் டிவிஷன் பட்டத்தை வென்றது. வாசலுக்கு வெளியே எப்பேர்ப்பட்ட அணிகள் காத்துக் கிடந்தன என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். 1972-ல் ஹெரிஃபோர்ட் உள்ளே வந்ததற்கு, அதே ஆண்டு கோப்பையில் நியூகாசிலை 2-1 என்று சாய்த்த பரபரப்பும் கைகொடுத்திருக்கும். 1977-ல் ஓட்டு வாங்கி வந்த விம்பிள்டன், 11 ஆண்டுகளில் லிவர்பூலைத் தோற்கடித்துக் கோப்பையையே தூக்கியது.

1987-ல்தான் வாசலிலும் ஓட்டு ஒழிந்தது. லீக்குக்கு வெளியே முதலிடம் பிடித்த ஸ்கார்பரோ நேராக உள்ளே வந்தது. கடைசியில் நின்ற லிங்கன் சிட்டி வெளியேறியது, அடுத்த ஆண்டே ஆடி ஜெயித்துத் திரும்பியும் வந்தது. 1992-ல் மேல்தட்டுக் கிளப்புகள் பிரிந்து பிரீமியர் லீக் ஆனபோதும் இந்த ஏற்ற இறக்கம் மாறவில்லை.

ஓட்டுக் காலத்துக்குக் கொஞ்சம் திரும்பிப் போனால், 1962-ல் கடன் தாங்காமல் சீசன் நடுவிலேயே லீக்கை விட்டுப் போன கிளப் அக்ரிங்டன் ஸ்டான்லி. அதன் இடத்தை ஓட்டில் பிடித்தது ஆக்ஸ்ஃபோர்ட் யுனைடெட். அக்ரிங்டன் கலைந்துபோய், அதே பெயரில் 1968-ல் புதிதாக எழுந்து, 2006-ல் லீக்குக்குள் நுழைந்தது. அதே சீசனில் கீழே இறங்கிய அணிகளில் ஒன்று, ஆக்ஸ்ஃபோர்ட்.