கோமளத்தம்மாளின் முறையீடும் ஆட்சிக்குழுவின் முடிவும்: மீத்திறக் குழந்தைக்காகப் பள்ளியிடம் வாதாடுவது குறித்து

கும்பகோணம் அரசுக் கல்லூரி 1905-இல் கணித மேதை ராமானுஜனின் உதவித்தொகையை நிறுத்தியது. ஆங்கிலக் கட்டுரைத் தாளில் அவர் தேறவில்லை. தாய் கோமளத்தம்மாள் முதல்வரை நேரில் கண்டு முறையிட்டதாக ராபர்ட் கனிகல் தம் வாழ்க்கை வரலாற்று நூலில் எழுதுகிறார். கணக்கில் தம் மகனுக்கு நிகரில்லை என்பதே அந்த அம்மாளின் வாதம். முதல்வர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். விதியை மாற்ற மறுத்துவிட்டார். இத்தனைக்கும், முந்தைய ஆண்டுதான் அதே ஊரின் டவுன் உயர்நிலைப் பள்ளி அந்த மாணவருக்குக் கணக்கில் ரங்கநாத ராவ் பரிசைக் கொடுத்திருந்தது. அவருடைய திறனைக் கண்டுகொள்ள ஆளில்லாமல் போகவில்லை. பள்ளி மெச்சியதைக் கல்லூரி தன் கணக்கில் சேர்த்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

எட்டாண்டு கழித்து இதே வழக்கு வேறு மன்றத்தில் வென்றது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு உதவித்தொகைக்கு முதுகலைப் பட்டம் வேண்டும், ராமானுஜன் கல்லூரியின் முதல்கட்டத் தேர்வான எஃப்.ஏ.கூடத் தேறாதவர். ஆயினும் 1913 ஏப்ரலில் ஆட்சிக்குழு மாதம் 75 ரூபாய் வீதம் இரண்டாண்டுக்கு ஒப்புக்கொடுத்தது. ராமானுஜனின் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்த வானிலைத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர் பரிந்துரைக் கடிதம் எழுதியிருந்தார். குழுவில் எடுத்துவைக்கப்பட்ட ஒரு வாதம் நம் கவனத்துக்குரியது: ஆராய்ச்சியை வளர்ப்பது பல்கலைக்கழகத்தின் பணி என்று அதன் சட்ட முகவுரையே சொல்லும்போது, பட்டமில்லை என்று இவரை எப்படித் தள்ளுவது? சிறப்புச் சலுகை என்று கேட்காமல், நிறுவனம் தனக்கே விதித்துக்கொண்ட கடமையை நினைவூட்டிய வாதம் இது. தாய் விதிவிலக்குக் கேட்டார். அதனால் விதி எதிரே நின்றது.

இன்றைய பெற்றோரில் பெரும்பாலோர் கோமளத்தம்மாளின் வழியில்தான் போகிறார்கள். 'எம் பிள்ளை ரொம்பக் கெட்டிக்காரன்' என்று தொடங்கும் பேச்சை ஆசிரியர் நாள்தோறும் கேட்கிறார். புன்னகையோடு கேட்டு மறந்தும்விடுகிறார். அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் பெற்றோருக்குச் சட்டத்தில் பிடிமானம் இல்லாமலில்லை. 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், பிரிவு 29-இல், பாடத்திட்டமும் மதிப்பீடும் கவனத்தில் கொள்ள வேண்டியவற்றுள் குழந்தையின் அறிவு, ஆற்றல், திறமை ஆகியவற்றை வளர்த்தெடுப்பதையும் சேர்த்திருக்கிறது. எட்டாம் வகுப்பு வரைக்கும் இது பொருந்தும். கட்டாயத் தேர்ச்சியைப் பற்றி இச்சட்டத்தைக் காட்டி ஓயாமல் சண்டை போடும் நாம், இந்த வரியை ஏறக்குறைய எடுத்துக்காட்டியதே இல்லை.

குழந்தை உண்மையிலேயே மீத்திறன் உடையதுதானா என்பது முதலில் தெரிய வேண்டாமா? வேண்டியதில்லை என்பது என் கருத்து. முத்திரை குத்தும் சோதனையைக் காட்டிலும் வேலைச் சான்று பயனுள்ளது. மூன்றாம் வகுப்பில் வாய்ப்பாடு நடக்கும்போது ஒரு சிறுமி 25-ஐ 16-ஆல் பெருக்க வேண்டிவந்தால், பதினாறை நான்கு நான்காகப் பிரித்து, நான்கு நூறு என்று எண்ணி 400 என்கிறாள் என வைத்துக்கொள்வோம். அந்த ரஃப் நோட்டுப் பக்கத்தில் தேதியைக் குறித்து எடுத்துப்போகலாம். கேட்பதும் சிறியதாக இருக்கட்டும்: வாய்ப்பாட்டை மறுபடி எழுதும் நேரத்தில் அவளுக்கு வேறு கணக்கு. வகுப்பைத் தாண்டி ஏற்றிவிடச் சொன்னால் மறுப்பது எளிது. ஒரு பாடவேளையை மாற்றித் தரச் சொன்னால் மறுக்கக் காரணம் தேட வேண்டியிருக்கும்.

பள்ளியின் ஏற்பாடும் இதற்கு இடம்கொடுக்க வேண்டும். கொரோனாக் காலக் கற்றல் இடைவெளியைச் சரிசெய்ய 2022-இல் தமிழ்நாட்டில் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம், குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் எனக் கற்றல் நிலைவாரியாகப் பிரிக்கிறது. வயதைப் பார்க்காமல் நிலையைப் பார்ப்பது என்ற கொள்கையை அரசுப் பள்ளி ஏற்றுக்கொண்டதே பெரிய விஷயம். ஆனால் மலருக்கு மேலே நிலை கிடையாது. பின்தங்கியவரைத் தூக்கிவிடும் அதே தர்க்கம் முந்திப்போகும் குழந்தையையும் நகர்த்த வேண்டுமல்லவா?

ராமானுஜனை எடுத்துக்காட்டுவதில் ஒரு சிக்கல் உண்டு. அதை மறைக்கக் கூடாது. 1913-இல் அவருக்காகப் பேச ராமச்சந்திர ராவ் என்ற கலெக்டர் இருந்தார், துறைமுகக் கழகத்தின் நாராயண ஐயரும் அதன் தலைவர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கும் இருந்தார்கள். வறுமையிலும் அவர் சார்ந்த சமூகத்தின் தொடர்புகள் கலெக்டர் வீட்டுக் கதவு வரை கொண்டுசேர்த்தன. வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கு வரும் பிள்ளைக்கு அந்த வலைப்பின்னல் எங்கே? நூறுநாள் வேலைக்குப் போகும் தாய் பிரிவு 29-ஐ எடுத்துக்காட்ட வேண்டும் என்று எதிர்பார்ப்பது அநியாயம். ஆகவே வாதாடும் பொறுப்பைப் பெற்றோர் தலையில் மட்டும் வைக்கும் எந்த ஏற்பாடும், ஏற்கெனவே குரல் உள்ளவர்களின் பிள்ளைகளையே மீத்திறக் குழந்தைகளாகக் கண்டுபிடிக்கும்.

இந்தப் பொறுப்பைப் பகிர்ந்துகொள்வதற்கான மன்றமும் சட்டத்திலேயே இருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் குறைந்தது முக்கால் பங்கினர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள், நலிந்த பிரிவினருக்கு உரிய பங்கு என்று பிரிவு 21 சொல்கிறது. அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகள் இதற்குள் வரா. அங்கே பெற்றோர் தனித்தனியாகத்தான் போராட வேண்டும். அரசுப் பள்ளிக் குழுக்கள் சத்துணவு, கழிப்பறை, சுற்றுச்சுவர் பற்றி முறையாகவே பேசுகின்றன. ஒவ்வொரு வகுப்பிலும் பாடம் முடியுமுன்பே முடித்துவிட்டு உட்கார்ந்திருக்கும் குழந்தைகள் யார், அவர்களுக்கு என்ன கொடுக்கப்பட்டது என்று வகுப்பாசிரியர் பருவத்துக்கு ஒருமுறை அக்குழுவில் எழுத்தில் தர வேண்டும் என ஒரு தீர்மானம் போட்டால், குழந்தையைப் பற்றிப் பேச்சைத் தொடங்குபவர் பெற்றோராக இருக்க வேண்டிய அவசியம் நீங்கும்.