வீட்டுப் பாட்டுக்கு டிக்கெட்

காலேஜ் டீமுக்கு ஸ்பான்ஸர் தேடி அலைஞ்சவங்களுக்குத் தெரியும், அது நன்கொடை கேட்கிற வேலை இல்ல, சேல்ஸ். நம்மகிட்ட விக்க என்ன இருக்கு, அதுல எதை விக்கலாம்? இந்தக் கேள்வியில வசமா மாட்டின ஒரு மாணவர் டீமோட கதைதான் இன்னைக்கு.

அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்த மறுவருஷம், 1866-ல், நாஷ்வில் நகரத்தில் ஃபிஸ்க் பள்ளி தொடங்கியது. விடுதலையான அடிமைகள் படிக்கிறதுக்காக. கட்டடம்னு பார்த்தா ராணுவம் விட்டுட்டுப் போன ஆஸ்பத்திரிக் கொட்டகைகள். அஞ்சே வருஷத்தில் காசு தீர்ந்துபோச்சு. பொருளாளர் ஜார்ஜ் ஒயிட்தான் அங்கே பாட்டு வாத்தியாரும். 1871 அக்டோபர் 6, கஜானாவில் மிச்சமிருந்ததை வழிச்செலவுக்கு எடுத்துக்கிட்டு, 9 மாணவர்களோடு வடக்கே ரயில் ஏறினார்.

முதல் சில வாரம் சுத்த ஃப்ளாப். வெள்ளைக்காரங்களுக்குப் பிடிக்குமேன்னு அவங்க பாட்டையே அவங்களுக்குப் பாடிக் காட்டினாங்க. கைதட்டினாங்க, காசு பெருசா விழல. சின்சினாட்டியில் கிடைச்சதே 50 டாலருக்கும் கம்மி. அதையும் சிகாகோ தீ விபத்து நிதிக்குக் கொடுத்துட்டாங்க!

அவங்ககிட்ட வேற பாட்டும் இருந்தது. அடிமைக் காலத்தில் அப்பா அம்மா பாடின பக்திப் பாட்டுகள். ஆனா அதை மேடையேத்த மனசு வரல. பியானோ வாசிச்ச ஷெப்பர்ட் அடிமையாகப் பிறந்தவர், அப்பா விலை கொடுத்து மீட்ட பொண்ணு. அந்தப் பாட்டுகள் எங்கள் பெற்றோருக்குப் புனிதமானவை, இருண்ட காலத்தோடு ஒட்டியவை என்று பின்னாளில் எழுதினார். தன்னையே ஒருமுறை விலை பேசினதைப் பார்த்தவர்கிட்ட, வீட்டுப் பாட்டையும் விக்கலாம்னு சொன்னா எப்படி இருந்திருக்கும்?

நவம்பரில் ஓபர்லின் ஊர். சபை மாநாடு, ஒரே பேச்சுச் சத்தம். டீம் அந்தப் பாட்டுல ஒண்ணை மெதுவா எடுத்தது. கூட்டம் அப்படியே அடங்கிடுச்சு. அதுக்கப்புறம் நிகழ்ச்சியோட போக்கே மாறிச்சு. 'ஜூபிலி சிங்கர்ஸ்'னு பெயர் வந்தது, பாட்டுப் புத்தகம் அச்சடிச்சுக் கச்சேரியில வித்தாங்க. (ஆமா, மெர்ச்சண்டைஸ்!) 1872-ல் 20,000 டாலரோடு ஊர் திரும்பினாங்க. அடுத்த வருஷம் பிரிட்டன், விக்டோரியா ராணி முன்னால் பாட்டு. 1876 ஜனவரி 1, ஜூபிலி ஹால் திறப்பு.

ஒயிட்டை மட்டும் ஹீரோவாக்கிச் சொல்ற வெர்ஷன் எனக்குப் பிடிக்கல. சொந்த நாட்டு ஓட்டல்களில் ரூம் மறுக்கப்பட்டது பாடினவங்களுக்குத்தான். தொடர்ந்த பயணத்தில் படிப்பு நின்றது, உடம்பு கெட்டது. 1878-ல் டீம் கலைந்தது. சரியா 100 வருஷம் கழிச்சு, 1978-ல், அந்த முதல் டீமுக்கு ஃபிஸ்க் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. வாங்கிக்க யாரும் உயிரோட இல்ல.