பட்டம் வந்த பாதை

பிரெஞ்சு நாட்டில் முடிக்குரிய மூத்த மகனைத் 'தோஃபேன்' என்றழைத்தனர். ஓங்கில் என்பது அதன் பொருள். கட்டிலேற வேண்டியவனுக்குக் கடலுயிரின் பெயர் ஏன்?

ஆல்ப்ஸ் மலையடியில் ஒரு சிறு நாடு. அதை ஆண்டோரின் பட்டம் தோஃபேன், சின்னம் ஓங்கில். வாரிசின்றிக் கடனில் ஆழ்ந்த இரண்டாம் உம்பேர், 1349-இல் நாட்டையே பிரெஞ்சு அரச குடும்பத்துக்கு விற்றான். நாட்டோடு பட்டமும் கைமாறியது. விலை பேசியோர் வேந்தர், விற்கப்பட்டோர் மக்கள்!

எங்கோ நடந்ததுதானே என்று எண்ணாதே, தோழா! பதினோராம் நூற்றாண்டில் சோழன் முதலாம் இராசேந்திரன் தன் மகனை மதுரையில் அமர்த்தினான். பாண்டியர்க்குரிய 'சடையவர்மன்' பெயரைப் பூண்டு, அவன் சடையவர்மன் சுந்தர சோழ பாண்டியன் ஆனான். மீன்கொடி பறந்த நாட்டின் பெயர், புலிக்கொடியோன் மகனுக்கு அணிகலன்! நம் குண்டாற்றுக் கரையும் அந்தப் பட்டத்துள் அடங்கிற்று. அங்கே பொன் பேசியது. இங்கே வாள் பேசியது. உழுதவனை இரண்டும் கேட்கவில்லை.

1830-இல் தோஃபேன் பட்டம் மறைந்தது. 1971-இல், அரசியல் சட்டத்தின் 26ஆம் திருத்தம் இந்திய மன்னர்களின் பட்டங்களுக்கிருந்த ஏற்பை நீக்கியது. சட்டம் நீக்கியதை நெஞ்சமும் நீக்க வேண்டாமா? பட்டம் கண்டு பணியாதே. அது வந்த பாதையைக் கேள்!